நான்காவது தொட்டி

மாலை வெயில் மூங்கில் இலைகளைத் தாண்ட முடியாமல் தொட்டிகளின் மேலேயே தயங்கி நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரனின் கண் இந்தப் பக்கம் விழக்கூடாது என்று சுவரோரம் ஏழு தொட்டிகளை நெருக்கி வைத்து, ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் வளர்த்தவர் இவர்தான். இப்போது நான்காவது தொட்டியின் முன் நிற்கிறார். தழைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி. பூச்சி அரிக்கவில்லை; ஒவ்வொரு காம்பும் நறுக்கென்று வெட்டுப்பட்டிருக்கிறது. “அவன் வேலைதான். எப்படி வெட்டி வச்சிருக்கான் பாரு!” என்கிறார். கொடியருகே நின்று துணி மடிக்கும் மனைவி தலை நிமிராமல், “காத்துல உதிர்ந்திருக்கும், விடுங்க” என்கிறாள். காற்று கத்தரிக்கோலோடா வரும்? இடைவெளியில் கண் வைக்கப் போகிறார். அது இவர் நெஞ்சுயரத்தில் இருக்கிறது. முழங்காலை மடக்கிக் குனிந்த பிறகுதான் அந்தப் பக்கம் தெரிகிறது: இங்கே பார்த்தபடி ஒரு காலி நாற்காலி. பக்கத்து வீட்டுக்காரன் இவரைவிட உயரம். வெட்டிய இலைகள் இவருடைய காலடியில்தான் பச்சை மாறாமல் கிடக்கின்றன. குனிந்தபடியே மெல்லத் திரும்புகிறார். மனைவியின் முகம் குனிந்த இவர் முகத்துக்குச் சரியாக அதே உயரத்தில் இருக்கிறது. மடித்து முடித்த துண்டை அவள் உதறி, மறுபடி மடிக்கத் தொடங்குகிறாள்.