தட்டான் பாயின் நோட்டு

நோட்டின் மூன்றாவது பிரதியை எதிர்த்தரப்பு வக்கீலிடம் வாஜித்தே எழுந்துபோய்க் கொடுத்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவருக்குப் பிரதி எடுப்பதா பெரிய காரியம். நன்றாகப் படிக்கட்டும், படித்துவிட்டு வாயடைத்துப் போகட்டும் என்கிற தெம்பு அவருக்கு.

விசாரணை அறையில் ஃபேன் ஓடியது, காற்றுதான் வரவில்லை. பெஞ்சின் நுனியில் கருப்பம்மாள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் மல்லித் தோட்டமும் ஒரு கிணறும்தான் அவளுக்கு எல்லாம்.

பொங்கல் கழிந்த கையோடு தோல் பதனிடுகிற ஷாப்காரர்கள் கழிவுத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கிணறு நாறியது, மல்லிச்செடி பாதிக்குமேல் கருகிப்போனது. நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கூடை கூடையாகப் பூ அனுப்பியவள், சாமி படத்துக்கு ஒரு முழம் பூவைக் கடையில் வாங்கினாள்.

மனுக் கொடுத்து நடையாய் நடந்தாள். ஆனால் தண்ணீரைச் சோதிக்க ஆள் வந்ததோ, ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த பிறகு. மழைத்தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள் மகராசன்கள்.

இனி மிச்சமிருந்தது வாஜித்தின் நோட்டு ஒன்றுதான். இன்றைக்கு ஷாப் வாய்க்காலை அடைக்க உத்தரவு வாங்காவிட்டால், மிச்சச் செடியும் போய்ச்சேரும்.

தட்டான் பாய் என்றால்தான் அந்தப் பக்கத்தில் வாஜித்தைத் தெரியும். ஏழு வருசமாக ஞாயிறு விடிந்தால் மனுசன் மொபெட்டை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வந்துவிடுவார். தட்டான்பூச்சியோ ஊசித்தட்டானோ, எது கண்ணில் பட்டாலும் தேதி, வகை, எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறிவிடும். வீட்டில் மனைவி குர்ஷித் பேகம் தலையில் அடித்துக்கொண்டு ஓய்ந்துபோனதும் இதனால்தான்.

அந்த நோட்டு விஷயத்தில் அவர் படு கறார். கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டார். லேசாகச் சந்தேகம் தட்டினாலும் அந்த வரியே கிடையாது.

காலையில் வாசலில் வைத்தே கருப்பம்மாள் கேட்டாள். "பாய், ஊர்க்காரங்க நாலு பேரு சாட்சி சொல்ல வாரேங்குறாக. கூட்டியாரவா?"

"எதுக்குக்கா? ஆளு நாளைக்கு மாத்திப் பேசுவான். நோட்டு மாத்திப் பேசாது."

அவளும் சரியென்று நாலு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

விசாரணை அதிகாரி இளவயதுப் பெண். பேனாவை மூடி வைத்துவிட்டு அக்கறையாகத்தான் காதுகொடுத்தார். தட்டான் தண்ணீரில்தான் முட்டையிடும், குஞ்சு மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடந்து வளரும், தண்ணீர் கெட்டால் முதலில் காலியாவது அதுதான் என்று வாஜித் பொறுமையாக விளக்கினார். அந்தக் குளத்தில் மட்டும் முப்பத்தொரு வகை பார்த்திருப்பதாகச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

இப்போது எத்தனை இருக்கின்றன என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க மேடம். பொங்கலுக்கு அப்புறம் நாப்பத்திரெண்டு ஞாயித்துக்கெழம போயிட்டேன். விடிஞ்சதுலருந்து வெயில் ஏறுற மட்டும் உக்காந்து பாத்தேன். ஒரு தட்டான் பறக்கல."

கருப்பம்மாள் இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

இத்தனைக்கும் வக்கீல் வாயே திறக்கவில்லை. பிரதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஆள் ஆடிப்போய்விட்டான் என்று வாஜித்துக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

கடைசியில் வக்கீல் எழுந்தார். இப்படி நேர்மையாக எழுதப்பட்ட நோட்டைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஷாப் தரப்பு அப்படியே ஒப்புக்கொள்வதாகவும், தங்கள் பக்க ஆவணமாகவும் இதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பணிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வாஜித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிராளி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறானே என்று கருப்பம்மாளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதிகாரி அசல் நோட்டை வாங்கி, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். மார்கழிக் கடைசி ஞாயிற்றில் நின்றார். அன்றைக்குப் பத்தொன்பது வகை, இருநூற்றுச் சொச்சம் தட்டான்கள். அதற்கு அடுத்த பக்கம் வெள்ளை, அதற்கடுத்ததும் வெள்ளை.

அந்த நாற்பத்திரண்டு ஞாயிறு எங்கே என்று அவர் கேட்டார். குரலில் குத்தல் இல்லை, அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

வாஜித்தின் சிரிப்பு உதட்டிலேயே செத்தது. வெறும் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாளில்கூட அவர் பையிலிருந்து நோட்டை எடுத்ததில்லை.

"பாக்காதத எப்படிங்க மேடம் எழுதுறது?"

எழுத்து வாசிக்கத் தெரியாத கருப்பம்மாள் நல்ல சேதி வரப்போகிறது என்று அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நோட்டை மெல்ல மூடினார்.

"அப்ப நோட்டுப்படி, கடைசியா நீங்க குளத்துக்குப் போனப்போ தண்ணி நல்லாத்தான் இருந்துருக்கு."