நேரலையில் தங்கை

மதிய வெயில் தையல் இயந்திரத்தின் மேல் சாய்வாக விழுகிறது. நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்த போனில், தொலைதூர ஊர் ஒன்றின் வெள்ளம் நேரலையாக ஓடுகிறது. அங்கே எதிர்வீட்டு மாடியில் நின்று யாரோ ஒருவன் படம் பிடிக்கிறான். தண்ணீருக்கு நடுவே ஓட்டுக்கூரையின் மேல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவள் தையல்காரியின் தங்கை. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். இதயங்களும் அழுகிற முகங்களும் குமிழ்குமிழாக மேலேறுகின்றன. "தம்பி, உன் முன்னாடியே துணி காயப்போடுற கயிறு தெரியுது. அவுத்து வீசுப்பா" என்று தையல்காரி மூன்றாவது முறையாக எழுதி அனுப்புகிறாள். அனுப்பிய வேகத்திலேயே அது இதயங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. "எல்லாருக்கும் பகிருங்க நண்பர்களே, பத்து நிமிஷத்துல கூரை போயிடும்" என்கிறான் படம் பிடிப்பவன். அவன் குரலில் பதற்றத்தைவிட உற்சாகம்தான் அதிகம். தங்கை அவனைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். அவன் அவள் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். "கயிறுடா பாவி, கயிறு" என்று தையல்காரி திரையைப் பார்த்துக் கத்துகிறாள். தைத்த சட்டையை வாங்க வந்து நிற்கும் பெண், "அச்சச்சோ, உங்க தங்கச்சியாக்கா?" என்கிறாள். கேட்டுக்கொண்டே தன் போனை எடுத்து, தையல்காரியின் அழுகிற முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். தையல்காரி அதைப் பிடுங்கித் தெருவில் வீசுகிறாள்.