சுவருக்குள் போன வயர்கள்

மாலை வெயில் டிவி மாட்டிய சுவரில் சாய்ந்து விழுகிறது. இரண்டு நாளாகச் சுவரைக் குடைந்து பூசிய மருமகள், டிவிக்குப் பின்னால் பொருத்திய சாக்கெட்டில் கடைசி பிளக்கைச் செருகிவிட்டுத் தள்ளி நிற்கிறாள். போன மாதம் வயர் தடுக்கி விழுந்த இடத்தில், பார்வை மங்கிய மாமியார் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பாதத்தில் எதுவும் தட்டவில்லை. "அத்தனை வயரும் எங்கம்மா போச்சு?" "சுவத்துக்குள்ள, அத்தை." மாமியார் சுவரை மேலும் கீழும் தடவிப் பார்க்கிறார், வழவழவென்ற பூச்சுதான் விரலுக்குக் கிடைக்கிறது. அவர் முகம் மலர்கிறது. உள்ளறையில் இருக்கும் மகனுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்துகிறார்: "எலக்ட்ரீஷியனக் கூப்பிடணும்னு ஒத்தக்கால்ல நின்னியே, வந்து பாருடா! நம்ம வீட்லயே ஒருத்தி இருக்கா." தலையெல்லாம் சிமென்ட் தூசியோடு நிற்கும் மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.