நிம்மதி கேட்ட சிப்பி

"வாராவாரம் தூக்கித் தூக்கி உலுக்குறா, ஒரு நாளாவது நிம்மதியா விடுறாளா?" என்றது குட்டிச் சிப்பி. போன வாரமும் இதே பாட்டுதான், ஒரு எழுத்து மாறவில்லை.

அழுக்கை வடிகட்டிக் காயல் தண்ணீரைத் தெளிய வைக்கட்டும் என்று தெருக்காரர்கள் ஆளுக்கொரு கூண்டில் சிப்பி வளர்த்து, படகுத்துறையில் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தக் கூண்டு எஸ்தருடையது. ஞாயிறுதோறும் கயிற்றை இழுத்துச் சேற்றை உதறுவாள்.

"உதறலேன்னா மூச்சு முட்டிச் சாவே. வாயை மூடுடி," என்றது கூண்டு.

"நீ அவளுக்கு ஜால்ரா!"

அதுவரை பேசியே இராத கயிறு, "அவ்வளவு கஷ்டமா? சரி," என்றது. துறையில் போட்டிருந்த முடிச்சு தானாக அவிழ்ந்தது. கூண்டு அடிச்சேற்றில் போய் உட்கார்ந்தது. கயிறு அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

ஞாயிறு வந்தது. சேறு சிப்பியின் வாய்வரை ஏறியிருந்தது. மேலே பலகையில் எஸ்தரின் காலடி வந்தது, நின்றது, திரும்பி நடந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவை உலுக்கிட்டுப் போங்க!"