திரும்பி வந்த காப்பிப் பொட்டலம்

யாஷ் நகரத்துக் கண் மருத்துவமனையில், டாக்டர் லுபாஷ்குவின் மேசைமேல் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பிளாஸ்டிக் கண் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு விளக்குகிறார். லேசரால் கருவிழியைச் செதுக்கலாம்தான்; ஆனால் உள்ளே லென்ஸ் வைப்பதே மேலாம், அதிலும் இந்தப் பெட்டியில் இருக்கும் லென்ஸாம். கண்ணைக் காட்ட வந்திருக்கும் அக்லயா கைப்பையிலிருந்து காப்பிப் பொட்டலத்தை எடுத்து, எதுவும் நடக்காததுபோல் அவர் பக்கம் நகர்த்துகிறாள். டாக்டருக்குக் காப்பி கொடுப்பது அந்த ஊர் வழக்கம்; எந்த டாக்டரும் வாங்கிக்கொள்வதுதான். இவர் சிரித்தபடி திருப்பி நகர்த்துகிறார். “இதெல்லாம் எதுக்கும்மா?” அவள் கணவன் இலியேவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தியா, தங்கமான மனுஷன்!” “சும்மா இருங்க,” என்று முணுமுணுக்கிறாள். “காப்பியே வேண்டாம்னா, வேற எங்கேர்ந்தோ வருதுன்னு அர்த்தம்.” தடித்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு உரசுமளவுக்கு மேசைமேல் குனிகிறாள். எதிரில் வரும் ஆளைத் தெரியாத அந்தக் கண்களுக்குக் கிட்டத்தில் பொடி எழுத்தும் தப்பாது. லென்ஸ் பெட்டியில் நீல நிறத்தில் ஒரு கம்பெனிப் பெயர். டாக்டரின் பேனாவிலும் அதே பெயர். ஆவி பறக்கும் அவருடைய காப்பிக் கோப்பையிலும் அதே. அக்லயா நிமிர்ந்து, பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள். “ஆமா டாக்டர், உங்களுக்குத்தான் காப்பி ஏற்கெனவே வந்துடுச்சே.”