ஏழடிக்கு நாலே முக்கால்

சேரன் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினான். கட்டில் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றது.

அதன் அடிப்பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே கொக்கியைத் தட்டினால் மேசை இறங்கியது. பக்கவாட்டுக் கதவுக்குள் புடவை அடுக்க நாலு தட்டு, பூட்டோடு ஒரு சின்ன அறை. அடியிலிருந்த பெட்டியை இழுத்து மூடியைச் சாத்தினால் ரெண்டு பேர் உட்காரும் பெஞ்சு.

தங்கையின் புருஷன் வீட்டுக் கதவோரம் கூடியிருந்த மணமேல்குடிப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்துவிட்டாள்.

ஆனால் சேரனுக்குச் சந்தோஷம் ஒட்டவில்லை. எங்கேயோ தப்பு நடந்திருந்தது.

அரிமளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் பிழைப்பு. மூன்று வாரமாக அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதையே கட்டிக்கொண்டு அழுதான். தங்கை இலக்கியா புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

பதினோரு மாதத்துக்கு முன்னால், புருஷன் அஜித் கை நீட்டியதில் வீங்கிப்போன முகத்தோடு, கையில் ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவள் அவள். அடுத்த மாதமே, கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கட்டிலும் பீரோவும் மீமிசலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அஜித் தலையைக் குனிந்துகொண்டு இனிமேல் இப்படி நடக்காது என்றான். அதை எல்லாரையும்விட அதிகமாக நம்பியது சேரன்தான். தைரியமாகப் போ, ஒரு குறையும் வராது என்று தங்கைக்குப் படித்துப் படித்துச் சொன்னதும் அவன்தான். நல்லவன்தான், நல்லவர்களுக்கு நம்புவது சுலபமாக வந்துவிடுகிறது.

இலக்கியா எதிர்த்துப் பேசவில்லை. ஒரு துண்டுத் தாளில் அளவை மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஏழடி நீளம், நாலே முக்காலடி அகலம். எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும், கனக்கக் கூடாது, நான் ஒருத்தியே மடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றாள்.

பாவம், அவ்வளவு சின்ன அறையா என்று நினைத்துக்கொண்டான். அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான், ஆனால் கூடத்து நாற்காலியைத் தாண்டியதில்லை. கட்டிக்கொடுத்த தங்கையின் படுக்கையறையை எந்த அண்ணன் எட்டிப் பார்ப்பான்?

இன்றைக்குத்தான், இதைப் பூட்ட வேண்டும் என்பதற்காக, முதல் தடவையாக உள்ளே வந்தான்.

அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு இருந்தது.

அவன் மண்டையை உடைத்துக்கொண்டு சுருக்கியதெல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது. மிச்ச இடத்தில் ஒரு பந்தியே போடலாம்.

"இம்புட்டு எடம் கெடக்கு. ஒங்கள யாரு மச்சான் இப்புடிக் குறுக்கச் சொன்னது?" என்றான் அஜித்.

அவன் அம்மா செவந்தி சிரித்தாள். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, வெறும் கேலிதான். இருந்தாலும் சேரனுக்கு முகம் சுண்டிவிட்டது. வேலைச் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

தெருவில் குட்டியானை நின்றது. எப்போதும் பட்டறை வாசலில் கிடக்கும் முனியசாமியின் லோடு வண்டி. சாக்கைப் பின்னால் தூக்கிப் போட்டான். இலக்கியா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ரூம் அளவத் தப்பாக் குடுத்துட்டியேம்மா. சொல்லியிருந்தா தாராளமாச் செஞ்சிருப்பேன்ல."

அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அது ரூம் அளவு இல்லண்ணே. இந்த வண்டியோட அளவு. மறுபடி கெளம்ப வேண்டியிருந்தா ஒரே நடையில வந்துரணும்ல."

சேரனுக்கு இப்போதுதான் புரிந்தது. அவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. அண்ணனாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வண்டியின் பின்கதவை அவன் இன்னும் சாத்தவில்லை.

"இப்பவே மடிச்சு ஏத்திரவா?" என்றான்.

"இன்னிக்கு வேணாம்ணே."

அவன் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அஜித் கூப்பிட்டான். சொம்பைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அவள் முதல் குரலுக்கே ஓடினாள்.