ஒற்றைக் காதுச் சட்டி

கண்காட்சிக்கு வைத்திருந்த கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் பெய்லா கோர்மன் ஒளிந்துகொண்டாள். எழுபத்தைந்து வயதில் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஸெலிக் டவ்பரின் கைத்தடிச் சத்தம் பந்தலைத் தாண்டிப் போனது.

இன்னும் முக்கால் மணி நேரம். யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு சாயங்காலம் தொடங்குகிறது. அதனால் மெல்போர்னில் இருக்கும் அந்தச் சின்ன யூத அருங்காட்சியகத்தை இன்றைக்கு இரண்டு மணிக்கே பூட்டிவிடுவார்கள். அதுவரை அந்த மனுஷன் கண்ணில் படக்கூடாது.

நோன்புக்கு முன்னால், யார் மனசையாவது நோகடித்திருந்தால் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். மூன்று முறை கேட்டும் மசியவில்லை என்றால் கேட்டவர் விடுபட்டுவிடுவார். குற்றம் மன்னிக்காதவர் தலையில் வந்து உட்காரும்.

ஸெலிக் இரண்டு முறை கேட்டாயிற்று. முதல் முறை, இங்கே கோட் மாட்டும் இடத்தில், பூங்கொத்தோடு. இரண்டாம் முறை, கார்லைல் தெரு ரொட்டிக்கடை வரிசையில், நாலு பேர் பார்க்க. இரண்டு முறையும் பெய்லா முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது முறை கேட்டால் என்ன செய்வது? மன்னிக்க மனசில்லை. பாவத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு நோன்பில் உட்காரவும் தைரியமில்லை. கேட்கவே விடாமல் செய்வது ஒன்றுதான் வழி.

எல்லாம் ஒரு சட்டியால் வந்தது.

வெள்ளை எனாமல், நீல விளிம்பு, ஒற்றைக் காது. அம்மா போலந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. ஓய்வுநாள் விருந்தைக் காட்டும் 'வெள்ளிக்கிழமை ராத்திரி மேசை' என்ற கண்காட்சியில் நட்டநடுவில் இருக்கிறது. அம்மா இதில்தான் கோழி சூப் வைத்தாள் என்று பதினோரு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெய்லா கதை சொல்லிவருகிறாள்.

போன மாதம் விவர அட்டைகளைப் புதிதாக எழுதச் சொல்லி ஸெலிக்கிடம் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அவர் எழுதினார்: 'மூத்திரச் சட்டி. எனாமல். 1935 வாக்கில். கொடுத்தவர்: பெய்லா கோர்மன்.'

ஒரு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அட்டையை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அவளை உறுத்தியது இன்னொன்று. இரண்டு முறையும் ஸெலிக், "உன் மனச நோகடிச்சிட்டேன்" என்றாரே தவிர, "தப்பா எழுதிட்டேன்" என்று வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

"பெய்லா ஆன்ட்டி, இங்க என்ன பண்றீங்க?" நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் தாலியா பந்தல் துணியை விலக்கினாள். "நோன்புக்கு ஊதுற ஆட்டுக்கொம்ப ஊதிப் பழகின பிள்ளைங்க காத்துட்டிருக்காங்க. மேசைய மட்டும் காட்டி அனுப்பிடுங்க."

மாட்டிக்கொண்டாயிற்று.

இருபது பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். பெய்லா வழக்கமான கதையை வேகவேகமாக ஓட்டினாள். பாதியில், கடைசி வரிசைக்குப் பின்னால் கைத்தடி வந்து நின்றது.

முன்னால் நின்ற ஒரு சிறுமி சட்டியை உற்றுப் பார்த்தாள். "சூப்புச் சட்டிக்கு ரெண்டு காது இருக்குமே. இன்னொண்ணு எங்க?"

"கப்பல்ல உடைஞ்சிடுச்சு, கண்ணு."

"உடைஞ்ச தழும்பே இல்லையே."

பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை.

"அந்தக் காலத்துல உடைஞ்ச எடத்துல மறுபடி எனாமல் பூசிடுவாங்கம்மா," என்று பின்னாலிருந்து ஸெலிக் சொன்னார். "தடமே தெரியாது. நான் பாத்திரக்கடை வெச்சிருந்தவன், எனக்குத் தெரியும்."

சிறுமி தலையை ஆட்டிக்கொண்டாள். பிள்ளைகள் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள்.

நோன்பு தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது, இருபது பிள்ளைகள் முன்னால், அவளுக்காக அந்த மனுஷன் கூசாமல் புளுகியிருந்தார். பெய்லாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஸெலிக் கைத்தடியை மேசைமேல் சாய்த்தார். தொண்டையைச் செருமினார். "பெய்லா, மூணாவது தடவையா..."

"சும்மா இரு. நான் பேசணும்."

பிள்ளைகள் போய்விட்டார்களா என்று பெய்லா திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ எழுதினது சரிதான். கப்பல் முழுக்க அது என் கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. எனக்கு அஞ்சு வயசு. எதுக்குன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

அவள் சட்டியின் நீல விளிம்பைத் தடவினாள்.

"ஆனா சூப்பும் நெசம். இங்க வந்து எறங்கி மொத வெள்ளிக்கிழம. ஒரே ஒரு ரூம், வேற பாத்திரமே கெடையாது. அம்மா மண்ணப் போட்டுப் போட்டுத் தேய்ச்சா. மூணு தடவ தண்ணி கொதிக்க வெச்சுக் கொட்டினா. அழுதுகிட்டேதான் செஞ்சா. அப்புறம் அதுலயே சூப்பு வெச்சு எறக்கிட்டு மெழுகுவத்தி ஏத்தினா. நான் ரெண்டு கிண்ணம் குடிச்சேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னா. சொல்லல."

பெய்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சே உன்ன ரெண்டு தடவ வெரட்டினேன். என்ன மன்னிச்சிடு, ஸெலிக்."

ஸெலிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு சட்டியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"முடியாது," என்றார். "இன்னும் ரெண்டு தடவ கேக்கணும்."

தாலியா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள், நின்ற இடத்திலேயே பெய்லா அந்த இரண்டு தடவையும் கேட்டுவிட்டாள்.